புதுப்பிப்பு: செப்டிக் டேங்க் விஷயம் முடிந்தது

அமெரிக்காவின் மேற்கு மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூர், இரண்டே வீடுள்ள டூப்ளெக்ஸ் காண்டோ (வீடு அவரவருக்கு, பொது வசதிகள் கூட்டுச் சொத்து). பொது செப்டிக் டேங்க் செலவைப் பகிரப் பக்கத்து வீட்டுக்காரர் மறுக்கிறார் என்று எழுதியிருந்தேன். பொது முடிவுகளில் ஆளுக்குப் பாதி ஓட்டு, ஒருவர் முடியாதென்றால் எதுவும் நகராது.

அவருக்கு வீட்டை விற்கும் எண்ணம் வந்ததும் பேச்சு தொடங்கியது. செப்டிக் டேங்குகளுக்கான இந்த மாநிலத்தின் 'டைட்டில் 5' விதிப்படி, நான்கு வீடுகளுக்கு மேற்படாத காண்டோவில் 3 ஆண்டுக்கொருமுறை, இல்லையேல் விற்பனைக்கு முந்தைய 2 ஆண்டுக்குள், சோதனை நடந்திருக்க வேண்டும். மூடியைத் தோண்டித் திறந்தால், வெளியேறும் குழாயின் வாயில் மேப்பிள் மர வேர் சடைசடையாக அடைத்திருந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். பாதிச் செலவுக்கு அவரே ஒப்புக்கொண்டார். எனக்குப் பெரிய நிம்மதி. பொதுச் செலவுகளுக்கென வங்கிக் கணக்கும் திறந்துவிட்டோம். அடுத்து கூரையைப் பற்றிப் பேச வேண்டும்.