கோத்தகிரியிலிருந்து மைனிங் படிக்கலாமா?

கோத்தகிரி மாணவி:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன். கிண்டியில பி.இ. மைனிங் சேர ஆசை. பொண்ணுங்களைச் சுரங்கத்துக்குள்ள விடமாட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க, உண்மையா? எந்தப் பாடம் கஷ்டம்? தேவாலா பக்கம் இருக்கிற பழைய தங்கச் சுரங்கத்துக்குள்ள போய்ப் பார்க்கலாமா?

நிலக்கரி மாமா:
1952 சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. 2019-ல் வந்த அறிவிப்பு அதைத் தளர்த்தியது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் காலை 6 முதல் மாலை 7 வரை நிலத்தடியில் பெண்கள் வேலை பார்க்கலாம் என்று அது அனுமதித்தது. திறந்தவெளிச் சுரங்கத்தில் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு இரவு ஷிப்டையும் அனுமதித்தது. வீட்டில் இதைக் காட்டும்மா.

கிண்டிக்கு கட்-ஆஃபை மொத்தம் 200-க்குக் கணக்கிடுவார்கள்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தன்பாத் ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு. பட்டத்தோடு முடிந்துவிடாது. டி.ஜி.எம்.எஸ். (மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம்) நடத்தும் மேனேஜர் சான்றிதழ் தேர்வுதான் இந்தத் தொழிலில் உன் இடத்தைத் தீர்மானிக்கும்.

பாறை இயல்:
பலர் தடுமாறுவது ராக் மெக்கானிக்ஸில், அதாவது பாறை எப்போது நிற்கும், எப்போது உடையும் என்று கணக்கிடும் பாடத்தில். அதற்கு நீலகிரியைவிட நல்ல பாடசாலை கிடையாது. சார்னோக்கைட் பாறை மக்கிய செம்மண், நடுவே உருண்டைப் பாறைகள், மேலே மழை. சாலைக்காக வெட்டிய எந்தச் சரிவையும் நின்று பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார். 30 டிகிரி சாய்ந்த தளத்தில் ஒரு பாறை, உராய்வுக் கோணம் (உராய்வு மட்டுமே பாறையைப் பிடித்து நிறுத்தக்கூடிய அதிகபட்சச் சாய்வு) 35 டிகிரி, ஒட்டும் வலிமை எதுவும் இல்லை. பாதுகாப்புக் காரணி (பிடித்து நிறுத்தும் விசை ÷ சரியவைக்கும் விசை) = டேன் 35 ÷ டேன் 30 = 1.21. நிற்கும். விரிசலில் மழைநீர் இறங்கி, தளத்தின் மேல் அழுத்தும் விசையில் கால்வாசியைத் தூக்கிவிட்டால் அதே காரணி 0.91. ஒன்றுக்குக் கீழே போனால் சரிவுதான். ஈரத்தில் மண் கனக்கிறது என்பதைவிட, நீர் உராய்வைத் தின்பதுதான் பெரிய காரணம். நெய்வேலியிலும் தண்ணீர்தான் தலைவலி: லிக்னைட்டுக்கு (பழுப்பு நிலக்கரி) அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துவதால், பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத் தளம் உப்பி உடையும்.

கோத்தகிரி மாணவி:
நன்றி அண்ணா. அப்போ சரிவுல இருக்கிற தண்ணியை எப்படி வெளியேத்துவாங்க?

பாறை இயல்:
சரிவின் அடியிலிருந்து உள்ளே போகப் போக லேசாக மேலேறும்படி, சுமார் 5 டிகிரியில், துளை போட்டுத் துளையிட்ட குழாயைச் செருகுவார்கள். தண்ணீர் தானாக வழியும். குழாயைச் சுற்றி வடிதுணி இல்லையென்றால் களிமண் அடைத்து, அழுத்தம் பழையபடி ஏறிவிடும்.

காற்றோட்டம்:
தேவாலாவுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. பந்தலூர், தேவாலாவில் 1880-களில் தங்கத்துக்காகக் குடைந்த குகைகள் அவை. மரம் மக்குவதும், பாறையில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) துருப்பிடிப்பதும் ஆக்ஸிஜனைக் குடிக்கும். விதிப்படி ஆள் வேலை செய்யும் இடத்தில் ஆக்ஸிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கார்பன் டைஆக்ஸைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கைவிட்ட குகையில் அதை அளப்பவர் யார்? கார்பன் டைஆக்ஸைடு கனமானது, பள்ளத்தில் தேங்கும், வாசனை கிடையாது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் செங்குத்துக் குழி இருந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் தெரியாது. குகை வாய்க்கு வெளியே நின்று பாறையையும் குவார்ட்ஸ் நரம்பு ஓடும் திசையையும் நோட்டில் வரைந்துகொள், முதல் வருஷப் புவியியலுக்கு உதவும்.