ஓட்டம், மாடித்தோட்டம், ஊர் சுற்றல்: போன இடத்தில் யாரைப் பார்த்தீர்கள்?

மதுரைக்காரன்:

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை வெளிப்பக்கமாக ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய ஒன்றே கால் கிலோமீட்டர் வரும். நாலு சுற்று ஐந்து, எட்டு சுற்று பத்து. கையில் வாட்ச் இல்லாமலே கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால் நம்ம ஊர் ஓட்டக்காரர்கள் பாதிப்பேர் விடியுமுன்னே அங்கேதான் இருப்பார்கள். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்று சொல்வார்கள். என் சின்ன வயதில் அதற்குள் தண்ணீரைப் பார்த்ததைவிட கிரிக்கெட்டைப் பார்த்ததுதான் அதிகம். இப்போது வைகையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் விட்டு நிரப்பி வைக்கிறார்கள், அதனால் விடியற்காலையில் குளத்துப் பக்கம் இருக்கிற காற்றே வேறு.

இதில் ஒரு சங்கடம் உண்டு, வட்டமாக ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எதிர்த்திசையில் நடந்து வருகிறவரை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தாக வேண்டும், நாம் கொஞ்சம் வேகமாக ஓடினால் அவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு தடவைகூடப் பார்க்க நேரும். முதல் தடவை கையைத் தூக்கி ஒரு வணக்கம் போடுவோம். இரண்டாவது தடவை ஒரு சிரிப்பு. மூன்றாவது தடவை என்ன செய்வது? நான் குளத்தைப் பார்ப்பேன், அவர் செருப்பைப் பார்ப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பால் பாக்கெட் போட்ட மஞ்சள் பையோடு வருகிற பெரியவர் ஒருவரோடு ரொம்ப நாள் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவரே கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"ஏம்ப்பா, தெனமும் பாக்குறேன். நடுவுல பிள்ளையார் உக்காந்திருக்காரு, நீ பாட்டுக்கு அப்பிரதட்சணமா ஓடிக்கிட்டு இருக்க?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டே, மைதானத்தில் எல்லாம் இடப்பக்கமாகத்தான் ஓடுவார்கள் ஐயா, போட்டியில்கூட அப்படித்தான் என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மைதானத்துக்கு நடுவுல சாமி இருக்கா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? மறுநாளிலிருந்து வலம் வர ஆரம்பித்தேன். அதில் எதிர்பாராத லாபம் ஒன்று வந்தது. ரோடு ஓரத்தை நோக்கி லேசாகச் சரிந்துதான் இருக்கும், ஒரே திசையில் ஓடினால் எப்போதும் ஒரே கால்தான் பள்ளத்துப் பக்கம் இறங்கும். இடது முழங்காலின் வெளிப்பக்கம் எனக்கு விடாமல் இருந்த குத்தல் திசை மாற்றிய பிறகு குறைந்துவிட்டது. இப்போது சிலநாள் வலம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சிலநாள் இடம். பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன், பெரியவர்தான் கோபிப்பார். அவரும் நானும் ஒரே திசையில் போவதால் வணக்கம் போடுகிற சிக்கலும் தீர்ந்தது. பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே "ம், போ போ" என்பார், அவ்வளவுதான். ஓடி முடித்ததும் தள்ளுவண்டியில் சூடாக ஒரு பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கும்போது, இதற்காகத்தான் ஓடினோமோ என்று தோன்றும்.

உங்களுக்கும் இப்படி யாராவது மாட்டியிருப்பார்கள். ஓட்டமோ, தோட்டமோ, பக்கத்தில் எங்காவது போய்வந்ததோ, எழுதுங்கள்.

சுரைப்பந்தல், சென்னை:

நான் ஓடுவது மாடிப்படியில் மட்டும்தான், கையில் தண்ணீர் வாளியோடு. ஆனால் எனக்கும் ஒரு ஆள் கிடைத்தார், எதிர் மொட்டைமாடி மாமி.

மாடியில் சுரைக்கொடி போட்டவர்களுக்குத் தெரியும், முதல் சில வாரங்களுக்குப் பூவாகப் பூத்துத் தள்ளும், எல்லாம் ஆண்பூ. காம்பு நீளமாக, மெல்லிசாக இருக்கும். பெண்பூவுக்கு அடியில் கட்டைவிரல் அளவில் ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காய் ஒன்று முன்னாலேயே உட்கார்ந்திருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலைக்கொடியின் நுனியைக் கிள்ளி, பக்கக்கொடி வந்ததும் அதன் நுனியையும் கிள்ளினால் மூன்றாவதாக வருகிற கிளைகளில் பெண்பூ கூடுதலாக வரும். 3ஜி கட்டிங் என்று மாடித்தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். செய்தேன், பெண்பூவும் வந்தது. வந்து என்ன, குட்டிக்காய் மஞ்சளடித்து, சுருங்கி, நுனியிலிருந்து அழுகி விழுந்துகொண்டே இருந்தது. காரணம் எளிது. சுரைப்பூ மலர்வதே சாயங்காலம்தான், தேனீ வீடு திரும்பிய பிறகு. இரவில் அந்துப்பூச்சி வந்தால் உண்டு. நாலாவது மாடிக்கு அது வழி தெரிந்து வர வேண்டுமே.

அதனால் நாமே செய்ய வேண்டியதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் போய், அன்றைக்கு மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, வெள்ளை இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகச் சுற்றித் தடவிவிட வேண்டும். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் சரியாக வருகிறது என்று அர்த்தம். போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, எந்தப் பூவுக்கு ஆயிற்று எதற்கு ஆகவில்லை என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நான் செய்துகொண்டிருந்ததை மாமி துணி எடுக்க வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, தெனம் அந்தி நேரத்துல அந்தக் கொடிகிட்ட குனிஞ்சு என்னமோ முணுமுணுக்கறியே, மந்திரம் ஏதாவது சொல்றியா?"

விஷயத்தைச் சொன்னேன். மாமி நம்பவில்லை. "எங்காத்துக் கொல்லையில கூரை மேல ஏறி அது பாட்டுக்குக் காய்ச்சது. யார் தேய்ச்சா?" என்று ஒரே போடாகப் போட்டார். கும்பகோணத்துக் கொல்லைக்கும் நங்கநல்லூர் மொட்டைமாடிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க நான் வாயெடுத்த நேரத்தில் ஒன்று சர்ரென்று வந்தது பாருங்கள். உட்காரவே இல்லை, காற்றில் நின்றபடியே நீளமான நாக்கைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவியது. பெரிய அந்துப்பூச்சி. மாமி அங்கிருந்தே "குருவியா அது?" என்று கத்தினார். அதற்கப்புறம் சாயங்காலமானால் துணி இருக்கிறதோ இல்லையோ மாடிக்கு வந்துவிடுவார். நான் ஊருக்குப் போகும் நாட்களில் இப்போது மாமிதான் பூவைத் தடவிவிடுகிறார், அவர் தடவியது ஒன்றும் அழுகுவதில்லை என்று பெருமை வேறு. நகம் சுலபமாக இறங்குகிற பதத்தில் பறித்து அவருக்கு ஒன்று கொடுத்தால் மறுநாள் பால் கூட்டு ஒரு கிண்ணம் திரும்பி வரும்.

மாவுப்பூச்சி பற்றிக் கேட்காதீர்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி. அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் பலித்ததில்லை.

காலைநடை, மதுரை:

மதுரைக்காரரே, தெப்பக்குளத்தைச் சொன்னீர்கள் சரி, சமணர் மலையை எப்படி விட்டீர்கள்? நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக்குளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி மதுரை அங்கேதான் இருக்கிறது. இட்லியும் பணியாரமும் விற்கிற அம்மாக்களிடம் கூட்டம் மொய்க்கும். படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் ஒருபக்கம். அதைக் குறை சொல்லவில்லை, மலையேற்ற ஓட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் ஊருக்குள் கிடையாது. ஆனால் பேச்சிப்பள்ளம் வரை ஏறிவிட்டு, சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் வாட்சைத் தட்டிவிட்டுக் கீழே ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர், காலில் கொடி சுற்றியிருப்பவர் பாகுபலி. அடியில் வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று பெயர் வெட்டியிருக்கிறது.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே குகை முகப்பில் பெரிதாக ஒரு தீர்த்தங்கரர் உட்கார்ந்திருப்பார். உள்ளே விதானத்தின் வளைவில், சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு ஒரு பெண் யானை மேல் வருகிறவனை எதிர்க்கிற சிற்பம் இருக்கிறது, குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். போன முறை மகளைக் கூட்டிப்போயிருந்தேன். அவள் அந்தப் பெரிய சிற்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காவலுக்கு இருந்த பெரியவரிடம் நேராகப் போய், "இவர் ஏன் சட்டையே போடலை?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தர்மசங்கடம். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "எல்லாத்தையும் விட்டுட்டாரு பாப்பா. சட்டையை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு?" என்றார். சமணத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒருபக்கம், இந்த ஒரு வரி ஒருபக்கம். வீடு வந்து சேரும்வரை அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, யார் யார் எதை எதை விட வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தாள். என் பெயருக்கு நேராக முதலில் வந்தது டீ.

கூட்டம் பிடிக்காதவர்கள் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். லகுடு வல்லூறு உட்படக் கொன்றுண்ணிப் பறவைகள் அந்தக் குன்றுகளில் இருக்கின்றன. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், ஸ்பீக்கர் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தேக்கா தம்பி, சிங்கப்பூர்:

சிவகங்கைப் பக்கத்துக்காரன், இருப்பது இங்கே அடுக்குமாடி வீட்டில். மொட்டைமாடி எல்லாம் நமக்குக் கிடையாது, வாசலுக்கு வெளியே உள்ள பொதுத் தாழ்வாரம்தான் தோட்டம். அதிலும் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீ விபத்துக்கான விதி. மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி, நாலைந்து மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. அவருக்கு ஹொக்கியன் என்கிற சீன மொழியும் கொஞ்சம் மலாயும் தெரியும், எனக்கு இரண்டும் தெரியாது. பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு முட்டையிடும் என்று இங்கே வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், புழு இருந்தால் அபராதம். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வருகிறேன், சோதனைக்கு வந்த அதிகாரி என் தொட்டிகளைப் பார்த்து முடித்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போகிறார். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அவசரமாகக் கிளம்பியவன் நான், தட்டைக் கவிழ்த்ததே பாட்டிதான். கேட்டால் கையை ஆட்டி, கொசு கடிப்பதுபோல் நடித்துக் காட்டுகிறார். அன்றிலிருந்து அவர் கோழிக்கறி வைக்கும் நாளில் கறிவேப்பிலையைக் கேட்காமலே ஒடித்துக்கொள்வார், என் கதவுக் கம்பியில் வாசனைக்குப் போடுகிற பாண்டான் இலை ஒரு கட்டு தொங்கும். சோறு வடிக்கும்போது ஒரு இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போட்டுப் பாருங்கள்.

ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது பழைய ரயில்பாதை. 2011இல் ரயில் நின்றுபோனபின் அந்த 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி நடைபாதையாகிவிட்டது. புக்கிட் தீமாவில் பழைய ஸ்டேஷனும் இரும்புப் பாலமும் அப்படியே இருக்கின்றன. காட்டுக்கோழி குறுக்கே ஓடும். அந்த ஸ்டேஷனில் தண்ணீர் குடிக்க நின்றபோது ஒரு தமிழ்ப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பா மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவராம், ஈப்போவுக்கு இதே வழியாகத்தான் போவார்களாம். "எங்கப்பா நடந்து நடந்து சரிபார்த்த பாதை தம்பி, நீங்க காசு குடுத்து ஷூ வாங்கி ஓடுறீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

மதுரைக்காரன்:

சுரைப்பந்தல் அக்கா, கறிவேப்பிலையையும் சுரையையும் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர் உப்பு, தொட்டி மேல் வெள்ளையாகப் படிகிறது. சுரை தாங்குமா?

சுரைப்பந்தல், சென்னை:

தாங்காது என்று சொல்ல மாட்டேன், திணறும். தென்னை நார்க்கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் நாற்றுப் பருவத்துக்கு அதை மட்டும் ஊற்றுங்கள். ஆடிப்பட்டத்தில் போட்டால் கொடி ஏறும் நேரத்துக்கு மழை வந்துவிடும்.

நெல்லைத் தோட்டம்:

எல்லாருக்கும் நல்ல மனுஷர்கள் மாட்டியிருக்கிறார்கள். எனக்கு மாட்டியது மயில்.

பாளையங்கோட்டைக்கு வெளியே வீடு. தாமிரபரணி ஓரமாகக் காலையில் ஓடிவிட்டு வந்து செடிக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். நான் வரும் நேரத்துக்கு அது முன்னாலேயே வந்து தக்காளியில் காலை ஆகாரத்தை முடித்திருக்கும். பழுத்தது, செங்காய் என்ற பேதமெல்லாம் கிடையாது. தண்டுக்கீரையை வேரோடு இழுத்துப் போட்டு, அடியில் இருக்கிற மண்புழுவைத் தேடித் தின்னும். வயக்காட்டில் கட்டுவதுபோலப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினேன், அதைத் தாண்டித்தான் குதித்தது. கல்லெடுத்து எறியவும் முடியாது, 1963இலிருந்து தேசியப் பறவை, 1972ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. கையைத் தட்டிச் சத்தம் போடுவதுதான் ஒரே வழி. தட்டினால் பக்கத்து வீட்டு ஆச்சி வெளியே வந்து விடுவாள்.

"முருகன் வாகனம்லா அது, வெரட்டாதீய. ரெண்டு தக்காளிக்கா இம்புட்டுச் சத்தம்?"

ஆச்சிதான் அதற்குத் தினமும் மதில்மேல் சோறு வைக்கிறாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதாவது சாப்பாடு அங்கே, தொடுகறி என் தோட்டத்தில். கடைசியில் ஆச்சியிடமே பேசி, நான் ஓடப் போகிற நேரத்தில் சோறு வைக்கச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் கூடுதலாக. அரிசி என் பொறுப்பு. தக்காளி இப்போது பாதிக்குப் பாதி தப்பிக்கிறது. ஆனால் கீரைக்கு வழி தெரியவில்லை. மயில் வாய் வைக்காத கீரை ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுங்கள், மணத்தக்காளி என்று மட்டும் சொல்லாதீர்கள், அதையும் தின்று பார்த்துவிட்டது.