'இனவெறி' போதாது: 'மனக்கோட்டம்' என்ற சொல்லை முன்வைத்து

அன்புடையீர்,

ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற ஆங்கிலப் புதினத்துக்கான தமிழ்க் குறிப்பில், 'ரேஷியல் பிரெஜுடிஸ்' (ஓர் இனத்தாரைப் பற்றி முன்கூட்டியே கொள்ளும் நியாயமற்ற எண்ணம்) வரும் இடமெல்லாம் 'இனவெறி' என்றே இட்டுவிடலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெள்ளைப் பெண் மயெல்லாவை வன்கொடுமை செய்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் டாம் ராபின்சனைத் தீர்த்துக்கட்ட இரவில் சிறைவாசலுக்கு வரும் கும்பலுக்கு 'வெறி' பொருந்தும். ஆனால், அமெரிக்காவின் அலபாமாவில் 1930களில் நடப்பதாக எழுதப்பட்ட இக்கதையின் மேகோம்ப் சிற்றூரில் பெரும்பாலோர் வெறி கொண்டவர்கள் அல்லர். கோயிலுக்குப் போகிற, அண்டை வீட்டாருக்கு உதவுகிற மனிதர்கள். கதையைச் சொல்லும் சிறுமி ஸ்கவுட்டின் ஆசிரியை மிஸ் கேட்ஸையே பாருங்கள். ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவதை வகுப்பில் கண்டிக்கிறார். 'பிரெஜுடிஸ்' என்ற அந்தச் சொல்லையே பிள்ளைகளுக்கு அழுத்தந்திருத்தமாக உச்சரித்துக் காட்டுகிறார். அதே ஆசிரியை, டாம் வழக்கின் தீர்ப்பு வந்த இரவில் நீதிமன்றப் படியிறங்கும்போது, கறுப்பர்களுக்கு யாராவது பாடம் புகட்ட வேண்டிய நேரம் இது என்று சொன்னது ஸ்கவுட்டின் காதில் விழுந்திருக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டும் பொருந்தவில்லை. அண்ணன் ஜெம்மிடம் கேட்டால் அவன் சீறி விழுகிறான். அந்த ஆசிரியையை இனவெறியர் என்று எழுதினால், நம் வாசகர் தம்மை அவரிடம் அடையாளம் காணாமல் எளிதாகத் தப்பித்துக்கொள்வார்.

மற்றச் சொற்களும் சரிவரவில்லை. 'நிறவெறி' தென்னாப்பிரிக்காவின் முன்னாள் ஆட்சிமுறைக்கு நிலைத்துவிட்டது. 'இனவாதம்' இலங்கை இதழ்களில் அரசியலைக் குறிக்கிறது. 'பாகுபாடு' செயல், எண்ணம் அன்று. 'முன்முடிவு' ஓரளவு நெருங்கினாலும், அதில் நியாயம் பிறழ்ந்தது என்ற குறிப்பு இல்லை.

ஆகவே 'இன மனக்கோட்டம்' என்பதை முன்வைக்கிறேன். 'கோடுதல்' என்றால் வளைதல்; 'கோட்டம்' வளைவு. நடுவுநிலைமை அதிகாரத்தில் 'நெஞ்சத்துக் கோடாமை' (115) என்றும், 'உட்கோட்டம் இன்மை' (119) என்றும் வள்ளுவர் சொல்வது இதைத்தான். 'உட்கோட்டம்' என்றே வைத்திருப்பேன். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டால் காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர்தான் நினைவுக்கு வருவார்! டாமின் இடக்கை பருத்தி அரைவை எந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. மயெல்லாவின் முகத்திலோ காயம் வலப்பக்கம்; எதிரே நின்று அடித்தவர் இடக்கையால்தான் அடித்திருக்க வேண்டும். இதைக் கண்ணால் கண்ட பின்னும் ஜூரிகள் குற்றவாளி என்கிறார்கள் என்றால், எடை போடும் முன்பே துலாக்கோல் கோடிக்கிடந்தது என்றுதானே பொருள்?

குழந்தைப் பருவத்துக்கும் இச்சொல் இசைகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பதைப் பிள்ளைகளை நல்ல வழியில் வளைப்பதற்கே சொல்லிப் பழகிவிட்டோம். மேகோம்பில் அது தலைகீழாக நடக்கிறது: வளையாத பிள்ளை மனம் வளர வளரக் கோடிப்போகிறது. அரசு வழக்கறிஞர் டாமை இளக்காரமாகப் பேசுவதைப் பொறுக்காமல் ஸ்கவுட்டின் தோழனான சிறுவன் டில் அழுதுகொண்டே வெளியேறும்போது, இன்னும் சில ஆண்டுகள் போனால் இவன் அழமாட்டான் என்கிறார் அவ்வூர்க்காரரான டால்ஃபஸ் ரேமண்ட். டில்லின் மனம் இன்னும் கோடவில்லை. இப்படி வினையாகவும் ஆளலாம் என்பது 'முன்முடிவு' தராத வசதி.

'மனக்கோட்டை' என்று தவறாகப் படித்துவிடுவார்கள் என்ற ஆட்சேபம் வரும் என்பதை அறிவேன். முதல் வருகையில் 'இனம் பற்றிய மனக்கோட்டம்' என்று விரித்து எழுதினால் அக்குழப்பம் நேராது. 'இனவெறி'யைச் சிறைவாசல் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.