மழைக்குப் பிறகு வெயில்: அபர்வத் சரிவில் ஸ்கீ இறங்கலாமா?

நீலவானம்:
பிப்ரவரி கடைசியில் நாலு பேர் காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். கோண்டோலா (கேபிள் கார்) இரண்டாம் கட்டத்தில் ஏறி, பாதுகாப்புக் குழுவின் ரோந்து எல்லைக்கு வெளியே அபர்வத் மலைச் சரிவுகளில் இறங்க ஆசை. இரண்டு நாள் மழையும் பனியும், பிறகு நல்ல வெயில், பகலில் 6 டிகிரி என்று கணிப்பு. பனிச்சரிவு அபாயம் குறைய, மழை நின்றபின் எத்தனை நாள் விட வேண்டும்?

பனித்தடம்:
நாள் கணக்கு உதவாது. இரவில் பனி மறுபடி உறைந்ததா என்று பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் காற்று 1, 2 டிகிரியில் இருந்தாலும் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வெளியே விட்டு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலும் சரியாக உறையாது. காலையில் பூட்ஸை அழுத்தி மிதியுங்கள். மேல்தோடு உடைந்து கால் கெண்டைக்கால் வரை ஈரச்சேற்றில் இறங்கினால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

மழை பெய்யும்போது போவது இன்னும் மோசம். அதுவரை நனையாத உலர்பனியில் நீர் வடிய வழி இருக்காது. உள்ளே பலவீனமான அடுக்கின்மேல் தேங்கி, பிடிமானத்தைக் கரைக்கும். மழை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பனிச்சரிவுகள் விழ அதுதான் காரணம்.

செங்குத்து:
திசையையும் கணக்கில் எடுங்கள். குல்மார்க்கைப் பார்த்த சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கு. காலை வெயில் முதலில் அங்கேதான் அடிக்கும். கோண்டோலா திறந்து நீங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் மேல்தோடு இளக ஆரம்பித்திருக்கும். ஆகவே "விடியற்காலையிலேயே இறங்கிவிடுவோம்" என்ற வழக்கமான உத்தி அங்கே எடுபடாது.

மரத்தடியிலும் பாறை ஓரத்திலும் பனி உருண்டைகள் தானாக உருள்கின்றனவா, சரிவில் வளைந்த விரிசல் வாய் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். கையில் ஒரு பிடி எடுத்துப் பிசையுங்கள். உருண்டையாக ஒட்டினால் ஈரம் ஏறிவிட்டது. விரலிடுக்கில் நீர் சொட்டினால் 30 டிகிரிக்கு மேற்பட்ட எந்தச் சரிவின் மேலும் கீழும் நிற்கக் கூடாது. சாய்வை அளக்க ஸ்கீ கோலைப் பனிமேல் கிடத்தி, அதன்மேல் கைப்பேசியை வைத்தால் போதும். ஓடைப்பள்ளங்களைத் தவிருங்கள்: ஈரப் பனிச்சரிவு மெதுவாக வந்தாலும் பள்ளம் வழியாகத் தட்டைத் தரைவரை ஓடும்.

நீலவானம்:
நன்றி. டி.ஜி.ஆர்.இ. (பனிச்சரிவைக் கணிக்கும் அரசு ஆய்வு அமைப்பு) எச்சரிக்கை நிலை இறங்கிவிட்டால் நம்பலாமா? நிழல் விழும் வடக்கு முகத்துக்குப் போனால் பாதுகாப்பா?

பனித்தடம்:
அந்த எச்சரிக்கை மாவட்ட அளவில், இத்தனை மீட்டருக்கு மேல் என்று வருவது. குல்மார்க் அடங்கிய பாராமுல்லா மாவட்டத்துக்குச் சொன்னது நீங்கள் நிற்கும் ஒற்றைச் சரிவுக்கான தீர்ப்பு ஆகாது. நிலை கூடினால் போகாதீர்கள். குறைந்தால், பார்ப்பதற்கு அனுமதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு முகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெயில் படாததால் அங்கே ஈரப் பனிச்சரிவு குறைவு, உண்மைதான். ஆனால் சர்க்கரை போல் உதிரும் பழைய பலவீன அடுக்கு குளிரில் அப்படியே நீடிக்கும். அதன்மேல் இரண்டு நாள் கனமான பனி ஏறியிருக்கும். வெதுவெதுப்பில் மேலே பலகைபோல் இறுகிய பனி சற்று இளகினால், ஒரு ஸ்கீயரின் அழுத்தம் இன்னும் ஆழம் போய் அந்த அடுக்கைத் தொடும். நன்றாகக் குளிர்ந்தபின் வெயில்பட்ட சரிவு இறுகிவிடலாம், நிழல்சரிவு அப்படியே ஆபத்தாக இருக்கலாம். கால் வைத்ததும் "வூம்ப்" என்று பனி அமுங்கினால் அதுவே ஆபத்தின் அறிகுறி; இனிச் சோதனை தேவையில்லை, திரும்பிவிடுங்கள்.

செங்குத்து:
ஒன்று சேர்க்கிறேன். ஈரப் பனிச்சரிவு நின்ற கணத்திலேயே சிமென்ட் மாதிரி இறுகும். தோண்டும் பிளாஸ்டிக் ஷவல் உடையும். உலோகத் தகடுதான் வேண்டும், புரோப் (புதைந்தவரைத் தேடிப் பனியில் குத்தும் நீளக் கம்பி) 240 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கைப்பேசியை பீக்கனிலிருந்து (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் அணியும் சமிக்ஞைக் கருவி) சாதாரணமாக 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வையுங்கள். புதைந்தவர் உயிர்வாழும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்துக்குள்தான் அதிகம். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சரிவில் இருக்காதீர்கள்: ஒருவர் இறங்கி, பனிச்சரிவு வரும் பாதையிலிருந்து விலகி நின்றபின் அடுத்தவர்.