புதிய தயாரிப்பு தொடங்கும் முன் குழுவை ஒரே புரிதலுக்குக் கொண்டுவரும் பட்டறையை எப்படி நடத்துவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிறு மருத்துவமனைகளுக்கான முன்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்கத் தொடங்கவிருக்கிறோம். பொறியாளர்கள், வடிவமைப்பாளர்கள், விற்பனைப் பிரிவினர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் எனப் பல தரப்பினரும் குழுவில் இருக்கிறார்கள். இரண்டு நாள் பட்டறைக்கு நிர்வாகம் ஒப்புதல் அளித்திருக்கிறது; நடத்தும் பொறுப்பு என்னுடையது. எங்கள் கூட்டங்களில் மூத்தவர்கள் இருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் தலையசைத்துவிடுவதும், வேலை பாதி நடந்த பிறகே ஒவ்வொருவர் மனத்திலும் வெவ்வேறு செயலி இருந்தது தெரியவருவதும் வழக்கமாகிவிட்டன. இம்முறை அவ்வாறு நேராதிருக்க அந்த இரண்டு நாள்களை எப்படிப் பயன்படுத்தலாம்?

மறுமொழி 1

பட்டறையின் பலன் பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. பங்கேற்கும் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, இந்தச் செயலி யாருக்கானது, அவருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறது, ஓராண்டு கழித்து எதைக் கண்டால் இது வெற்றி பெற்றது என்பீர்கள் என்ற மூன்று கேள்விகளை எல்லோரிடமும் அதே சொற்களில் கேளுங்கள். விடைகளைப் பெயர் குறிப்பிடாமல் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினால், விற்பனைப் பிரிவினர் மருத்துவமனை உரிமையாளரையும், சேவைப் பிரிவினர் வரவேற்பு மேசையில் இருப்பவரையும், பொறியாளர்கள் நோயாளியையும் நினைத்துப் பேசிவந்தது போன்ற வேறுபாடுகள் அங்கேயே புலப்பட்டுவிடும். முதல் நாளை அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள்.

அரங்கிற்குள், பேசுவதற்கு முன் எழுத வையுங்கள். 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், நால்வர் கூடிப் பேசி உருவாக்கிய யோசனைகளைவிட, தனித்தனியே சிந்தித்த நால்வரின் யோசனைகளைத் தொகுத்தபோது கிடைத்தவை அதிகமாக இருந்தன. 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற ஆய்வாளர்கள் இதன் காரணத்தை ஆராய்ந்து, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்க நேர்வதே பெரிய தடை என்று காட்டினார்கள். ஆகவே பத்து நிமிடம் அமைதியாக எழுதட்டும். ஒரு தாளுக்கு ஒரு கருத்து, பெயர் வேண்டாம். சுவரில் ஒட்டிய தாள்களை இயல்பாகச் சேர்பவற்றோடு சேர்த்துவிட்டு, தலைப்பைக் கடைசியில் சூட்டுங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா உருவாக்கிய முறையின் சாரம் இதுதான். தலைப்பை முதலில் வைத்தால், ஏற்கெனவே இருக்கும் துறைப் பிரிவுகளே மறுபடியும் சுவரில் வந்து நிற்கும். மூத்தவர்கள் இருவரிடமும் முன்கூட்டியே தனியாகப் பேசி, அவர்கள் இறுதியில் கருத்துச் சொல்ல இசைவு பெறுங்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். ஆனால் எழுதி ஒட்டிய தாள்கள் தாமாக முடிவாகிவிடுவதில்லை. பல பட்டறைகளில் ஆளுக்குச் சில புள்ளிகளைக் கொடுத்து வாக்களிக்கச் செய்து, அதிகப் புள்ளி பெற்றதையே முடிவாக அறிவித்துவிடுகிறார்கள். விருப்பம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டுமே புள்ளிகள் காட்டும். அதற்குரிய செலவையும் இடரையும் ஏற்பவர் யார் என்பதை அவை சொல்லாது. ஒரு யோசனையை ஐந்தே நாளில் மாதிரியாக்கிச் சோதித்துப் பார்க்க, கூகுளின் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸ் வளர்த்தெடுத்த டிசைன் ஸ்பிரின்ட் முறையிலும், வாக்கெடுப்புக்குப் பிறகு இறுதி முடிவை எடுக்க ஒருவர் முன்பே நியமிக்கப்படுகிறார். உங்கள் நிறுவனத்தில் அவர் யார் என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். அவரால் இரண்டு நாளும் இருக்க முடியாவிட்டால் தேதியை மாற்றுவதே நல்லது.

திரை வடிவமைப்பை இந்த இரண்டு நாள்களுக்குள் கொண்டுவர வேண்டாம். திரையைப் பார்த்ததும் பொத்தானின் இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, யாருக்காகச் செய்கிறோம் என்ற விவாதத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குழுவில் பாதிப் பேர் வேறு ஊர்களிலிருந்து இணையம் வழியாகக் கலந்துகொள்வார்கள். தவிர, உண்மையாகவே ஒரே புரிதல் வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 3

பாதிப் பேர் இணையத்தில் என்றால், அரங்கில் இருப்பவர்களும் தத்தம் கணினியிலிருந்தே இணைந்து, எல்லோரும் ஒரே மின்பலகையில் எழுதட்டும். சுவரில் ஒரு பலகை, திரையில் ஒரு பலகை என்று இருந்தால் தொலைவில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் திரைமுன் அமர வைப்பதைவிட, நான்கு அரைநாள்களாகப் பிரிப்பது மேல்.

இரண்டாவது கேள்விக்கு நான் நம்புவது ஒரு சோதனையை. கடைசி அமர்வில் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதுவதைப் பார்க்காமல், செயலி வெளிவரும் நாளன்று வெளியிடப்படும் அறிவிப்பை ஐந்தாறு வரிகளில் எழுத வேண்டும். அமேசான் நிறுவனம் தயாரிப்பைத் தொடங்கும் முன்பே அதன் செய்திக்குறிப்பை எழுதும் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது இது. அங்கே ஒரே ஆவணமாக எழுதுவதை இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் உரக்கப் படியுங்கள். பயனாளர் யார் என்பதிலோ, தீர்க்கும் சிக்கல் எது என்பதிலோ வரிகள் வேறுபட்டால் புரிதல் இன்னும் ஒன்றாகவில்லை. மீதி நேரத்தை அந்த ஒரு வேறுபாட்டுக்கே கொடுங்கள்.

இந்தச் சோதனைக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, உளவியலாளர் கேரி கிளெயின் 2007-இல் எழுதிய முறையையும் செய்து பாருங்கள்: திட்டம் தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். தோல்வி கற்பனைதான் என்பதால், மூத்தவரை மறுத்துப் பேசத் தயங்குபவரும் தன் ஐயத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. அதில் வெளிவருபவற்றிலிருந்து, முதல் பதிப்பில் செய்யப்போவதில்லை என்று முடிவானவற்றைக் காரணத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி, மறுநாள் காலைக்குள் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.