சும்மா இருந்த அம்மா

போன ஆடியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பியவர், "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். "வீட்லதான், சும்மா இருக்காங்க" என்றேன், யோசிக்காமல்.

பக்கவாதத்தில் படுத்த அப்பாவை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சும்மா இருந்த அம்மாதான். இப்போது ஆள் வைக்க வேண்டும். ஏஜென்சிக்குப் போன் போட்டேன். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு நாளைக்கு 900 ரூபாய். "பேஷண்ட் வேலை மட்டும்தான் சார், சமையல், துணி எதுவும் தொடமாட்டாங்க." சரி என்று சமையலுக்கு ஒருவர், 6,000. வீடு துடைக்க, துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க இன்னொருவர், 2,500. ஆக மாதம் 35,500. அப்பாவின் பென்ஷனே 31,000தான்.

ஏஜென்சியிலிருந்து வந்த அக்காவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். முதல் வேலையாக அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகையும் குதிகாலையும் தடவிப் பார்த்தார். "ஆறு வருஷமா படுக்கைல இருக்காரு, ஒரு புண்ணு இல்லையே! எந்த நர்ஸ் சார் பாத்தாங்க?" இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால்தான் இப்படி இருக்குமாம். அவர் அதை நோட்டில் குறித்துவைக்கிறார்: 12 மணி இடது, 2 மணி வலது, 4 மணி மல்லாக்க. அம்மா நோட்டெல்லாம் போட்டதில்லை. பக்கத்து அறையில் ஏசி போட்டுக் கதவைச் சாத்தித் தூங்கிய எனக்கு அவள் எழுந்ததே தெரியாது.

2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் தினமும் 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. அதுவும் வேலையில் கைவைக்கிற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி. நான் அந்தக் கணக்கிலேயே வரமாட்டேன்.

35,500 விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு கைக்கு எவ்வளவு போவுது?" என்றாள். விசாரித்தால், 900இல் 650தான். மீதி ஏஜென்சிக்கு. அம்மா அந்த அக்காவையே கூப்பிட்டுக் கேட்டாள். "உன் ரெண்டு பசங்களை யாரு பாத்துக்குறா?"

"எங்கம்மாதான்."

"அவங்களுக்கு என்ன குடுக்குற?"

அந்த அக்கா சிரித்துவிட்டார். "மாசாமாசம் உரிமைத்தொகை ஆயிரம் வருதில்லம்மா, அந்த ஏடிஎம் கார்டு எங்கம்மாகிட்டதான் இருக்கு."