மே பாதி ஆகியும் துளிர்க்காத பிளம்பாகோ: பொறுக்கலாமா?

டொராண்டோவில் தோட்டம் போடும் உறவுகளே, ஓர் உதவி. ஊரில் வேலியோரம் பூக்கும் நீலப் பிளம்பாகோ ஞாபகத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். முதல் உறைபனியிலேயே கருகிவிட்டது. தென்னாப்பிரிக்கச் செடி, குளிர் தாங்காதாம். அப்புறம்தான் குளிர் தாங்கும் பிளம்பாகோ என்று சொல்லப்படும், சீனாவைச் சேர்ந்த செரடோஸ்டிக்மா பிளம்பஜினாய்ட்ஸ் பற்றித் தெரிந்தது. ஓரடிக்குள் தரையோடு படரும், கோடைக் கடைசியில் நீலப்பூ, குளிர் தொடங்கினால் இலை சிவக்கும். போன செப்டம்பரில் மேப்பிள் மரத்தடியில் மூன்று வைத்தேன். இப்போது ஹோஸ்டா என்ற இலைச்செடியெல்லாம் விரிந்துவிட்டது, இதில் ஒரு துளிர்கூட இல்லை. தாமதமாகத்தான் முளைக்கும் என்கிறார்கள், சரி. ஆனால் எங்கள் வீட்டில் களிமண். பனி உருகும்போது தண்ணீர் தேங்கும். வேர் அழுகியிருக்குமோ? தோண்டிப் பார்க்கலாமா, ஜூன் வரை பொறுக்கலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.